தோற்றவர் எங்கே போவார்?

போர்ச்சுகலின் பிடியிலிருந்து மொசாம்பிக் 1975 ஜூன் 25 அன்று விடுபட்டது. அங்கோலா அதே ஆண்டு நவம்பர் 11 அன்று. இரு நாடுகளிலும் மார்க்சியம் பேசிய விடுதலை இயக்கங்கள் ஆட்சிக்கு வந்தன. இரண்டிலும் அந்த ஆட்சிகளை எதிர்த்து ஆயுதப் படைகள் எழுந்தன. அந்தப் படைகளுக்கு வெள்ளையர் ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்கா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இரு மக்களும் செத்தார்கள். பனிப்போர் முடிந்த கையோடு இரண்டு இடங்களிலும் சமாதான ஒப்பந்தம் வந்தது: அங்கோலாவுக்கு 1991 மே மாதம், மொசாம்பிக்குக்கு 1992 அக்டோபர் மாதம். இரண்டிலும் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்தது. இரண்டிலும் ஆட்சியிலிருந்தவர் முந்தினார், காட்டிலிருந்து வந்த தலைவர் தோற்றார். தோற்ற ஒரு மாதத்துக்குள் அங்கோலா மீண்டும் பற்றிக்கொண்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மூன்று லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது கணிப்பு. மொசாம்பிக்கில் தோற்றவரின் கட்சி முறைப்பாடுகளோடுதான் என்றாலும் நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தது. சர்வதேச மத்தியஸ்தம் பற்றி எழுதுகிறவர்களுக்கு வரலாறு இவ்வளவு பொருத்தமான இரட்டை உதாரணத்தை அடிக்கடி தருவதில்லை.

மத்தியஸ்தர் என்றதும் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. அவர் நடுநிலையானவரா? இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் பலம் அவருக்கு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு இடமுண்டு. ஆனால் மேற்சொன்ன இரு நாடுகளின் விதி ஏன் பிரிந்தது என்பதை அவை விளக்குவதில்லை. அங்கோலா ஒப்பந்தத்தை நடத்திவைத்தது போர்ச்சுகல் அரசு. பக்கத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பார்வையாளர்களாக இருந்தன. பலத்துக்குக் குறைவே இல்லை. பலம் எள்ளளவும் இல்லாதவர்கள் நடத்திவைத்தது மொசாம்பிக் ஒப்பந்தம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாளை தோற்கப்போகிறவர் மறுநாள் காலை எங்கே போவார், எதைக் கொண்டு பிழைப்பார், என்னவாக இருப்பார் என்று நடுவர் முன்கூட்டியே யோசித்து ஏற்பாடு செய்திருந்தாரா? நான் பார்த்தவரை, ஒரு சமாதான முயற்சியின் தரத்தை இந்தக் கேள்வியைப்போல வேறெதுவும் சோதிப்பதில்லை.

ரோம் நகரின் ட்ராஸ்தேவெரே பகுதியில் பழைய கார்மல் சபை மடமொன்றில் இயங்குவது சான்ட் எஜிடியோ குழு. ஆந்த்ரேயா ரிக்கார்டி 1968-இல் பள்ளி மாணவராக இருந்தபோது தொடங்கிய கத்தோலிக்க இறைமக்கள் அமைப்பு அது. ஏழைகளுக்குச் சோறு போடுவதும் முதியவர்களைப் பார்த்துக்கொள்வதும்தான் அதன் அன்றாட வேலை. மொசாம்பிக்கின் பெய்ரா மறைமாவட்ட ஆயர் ஜெய்ம் கொன்சால்வ்ஸ் ரோமில் படித்த காலத்திலிருந்தே இவர்களுக்குப் பழக்கம். ஃப்ரெலிமோ அரசு திருச்சபையின் சொத்துகளைப் பறித்து ஒடுக்கிய நேரத்தில், 1980களின் தொடக்கத்தில், இவர்கள் அவரை இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பெர்லிங்குவரிடம் கூட்டிப்போனார்கள். கம்யூனிஸ்ட் சொன்னால் மார்க்சிய அரசு காதுகொடுக்கும் என்ற கணக்கு. பிறகு பஞ்ச காலத்தில் கப்பலில் உணவும் மருந்தும் அனுப்பினார்கள். இப்படிப் பல ஆண்டுகள் பழகிய பிறகே 1990 ஜூலையில் அரசும் அதை எதிர்த்துப் போரிட்ட ரெனாமோவும் அந்த மடத்தில் முதன்முறையாக எதிரெதிரே உட்கார்ந்தன. கென்யாவின் மோயும் ஜிம்பாப்வேயின் முகாபேயும் முன்பே முயன்று பார்த்திருந்தார்கள். முகாபேயின் படைகள் அரசுக்காக மொசாம்பிக்கில் போரிட்டுக்கொண்டிருந்தன; கென்யாவை ரெனாமோவின் நண்பர் என்று அரசு நினைத்தது. ரிக்கார்டி, பாதிரியார் மத்தேயோ ஸூப்பி, ஆயர் கொன்சால்வ்ஸ், இத்தாலிய அரசு சார்பில் மாரியோ ரஃபாயெல்லி என்ற நால்வர் நடுவர்களானார்கள். இருபத்தேழு மாதங்கள் பேச்சு நீண்டது.

அந்த முதல் சந்திப்பின் அறிக்கையில் இரு தரப்பும் தங்களைப் பெரிய மொசாம்பிக் குடும்பத்தின் உறுப்பினர்கள் என்று ஒப்புக்கொண்டன. அலங்காரச் சொல்லாகத் தோன்றும். அன்று அது பெரிய நகர்வு. ரெனாமோவை ‘ஆயுதக் கொள்ளையர்’ என்றுதான் அரசு அதுவரை அழைத்துவந்தது. ரொடீசிய உளவுத்துறை உருவாக்கி, பிறகு தென்னாப்பிரிக்கா தத்தெடுத்த படை என்பதால் அந்தப் பெயருக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அரசு கிராமங்களைக் கலைத்துக் கூட்டுக் குடியிருப்புகளில் அடைத்ததும், பரம்பரைத் தலைவர்களை அவமதித்ததும் கொதிப்பைக் கிளப்பி, அந்தப் படைக்கு உள்ளூரில் வேர்பிடிக்க மண் தந்திருந்தன. நம்புலா மாகாணத்தில் ஆய்வு செய்த பிரெஞ்சு மானுடவியலாளர் கிறிஸ்தியன் கெஃப்ரே இதை 1990-இலேயே எழுதிக்காட்டினார். எதிரியை உறவென்று ஏற்காமல் தோல்விக்குப் பிந்தைய இடம் பற்றிப் பேச்சே எழாது. புறநானூற்றில் இதற்கு முன்னோடி உண்டு. உறையூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் வெளியே முற்றுகையிட்டிருந்த நலங்கிள்ளிக்கும் இடையில் போய் நின்ற கோவூர்கிழார், யார் வெல்வார் என்ற பேச்சை எடுக்கவே இல்லை. இருவரும் ஒரே குடி, எவர் தோற்றாலும் தோற்பது அக்குடி என்பதே அவர் வாதம். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் புலவரும் பாதிரிமாரும் பேச்சைத் தொடங்கிய இடம் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தோல்வியை எப்படித் தாங்கக்கூடியதாக்குவது என்று யோசிக்கும் எவரும் அங்கேதான் வந்து சேர்வார்.

ஆனால் உறவு பேசுவதோடு ரோம் நின்றுவிடவில்லை. அதனால்தான் அந்த ஒப்பந்தத்தை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1991 அக்டோபரில் கையெழுத்தான முதல் நெறிமுறையில் ரெனாமோ ஆயுத வழியைக் கைவிட்டு நாட்டின் சட்டத்துக்குள் இயங்க ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே இரண்டாவது நெறிமுறை, அரசியல் கட்சிகளின் உரிமைகள் பற்றி. பிறகு தேர்தல் சட்டம். போர்நிறுத்தம் கடைசியில்தான் வந்தது. இந்த வரிசை பலருக்கு அன்று கொடுமையாகப் பட்டது. 1991-92இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதையும் வறட்சி வாட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் உயிர்கள் விலையாயின. ஆனாலும் துப்பாக்கியைக் கீழே வைப்பவர் வைத்தபின் எதுவாக இருப்பார் என்பது தெரியாமல் வைக்கமாட்டார் என்பதை அந்த நால்வர் புரிந்துவைத்திருந்தார்கள். 1992 அக்டோபர் 4 அன்று ஜனாதிபதி சிசானோவும் ரெனாமோ தலைவர் டிலாகாமாவும் கையெழுத்திட்டபோது, டிலாகாமா இயங்கப்போகும் கட்சிக்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே சட்ட வடிவம் தயாராகியிருந்தது.

மீதியைச் செய்தவர் ஐ.நா. பிரதிநிதி ஆல்டோ அயெல்லோ. அங்கோலா தேர்தல் சிதறிய சேதி ரோம் கையெழுத்தின் மை காய்வதற்குள் வந்துவிட்டது. அந்தப் பாடத்தை அவர் வரிக்கு வரி படித்தார் என்றே சொல்ல வேண்டும். 1993 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலைப் படைகள் கலையும்வரை நடத்துவதில்லை என்று ஓராண்டு தள்ளிவைக்க வைத்தார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஐ.நா. வீரர்கள் வந்தார்கள். நாற்பத்தொன்பது முகாம்களில் இரு தரப்புப் படையினரும் கூடி ஆயுதம் கொடுத்துப் பெயர் பதிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், வீட்டுக்குப் போக விரும்பினார்கள். புதிய தேசியப் படைக்கு முப்பதாயிரம் பேர் தேவை என்று திட்டமிட்டிருந்தார்கள். பன்னிரண்டாயிரம் பேர்கூட முழுதாகத் தேறவில்லை. வீடு திரும்பியவருக்கு ஆறு மாதச் சம்பளத்தை அரசும், தொடர்ந்து பதினெட்டு மாதங்களுக்கு உதவித்தொகையை நன்கொடை நாடுகளும் கொடுத்தன. வங்கிக் கிளையில் போய் வாங்க வேண்டிய பணம். ஊரில் இருந்தால்தான் கிடைக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பலரை முகம் சுளிக்கவைத்தது இன்னொன்று. ரெனாமோவைக் கட்சியாக்குவதற்கென்று தனி நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் டாலர் அதில் சேர்ந்தது. மபூட்டோவில் அலுவலகம், வீடுகள், வண்டிகள், தலைவர்களின் செலவு. காட்டில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவர்கள் தலைநகரில் கௌரவமாக நடமாடுவதற்கு என்ன வேண்டுமோ அது. அயெல்லோ இதை மறைக்கவில்லை; ஜனநாயகத்துக்குச் செலவு உண்டு என்று வெளிப்படையாகவே வாதாடினார்.

1994 அக்டோபர் 27 அன்று வாக்குப்பதிவு தொடங்க இருந்தது. முந்தைய இரவு டிலாகாமா தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். அங்கோலாவில் இப்படி ஓர் இரவு வந்தபோது கைவசம் எதுவும் இல்லை. மபூட்டோவில் தூதர்கள் விடியவிடிய அவரோடு பேசினார்கள். புகார்கள் விசாரிக்கப்படும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வாக்குப்பதிவை மூன்றாம் நாளுக்கு நீட்டினார்கள். அவர் திரும்பி வந்தார். சிசானோவுக்கு 53.3 சதவீதம், அவருக்கு 33.7. நாடாளுமன்றத்தின் 250 இடங்களில் 112 அவருடைய கட்சிக்கு. காட்டுக்குத் திரும்பிப்போயிருந்தால் அவர் எதையெல்லாம் இழந்திருப்பார் என்று எண்ணிப்பாருங்கள்: நிதி, 112 உறுப்பினர்கள், தலைநகரில் வீடு, உலகத் தலைவர்களின் வரவேற்பு. அவரிடம் இழப்பதற்கு ஏதாவது இருக்கும்படி செய்ததுதான் மத்தியஸ்தம் செய்த வேலை.

அங்கோலாவில் அரசை எதிர்த்த உனிடாவின் தலைவர் யோனாஸ் சவிம்பிக்கு அப்படி எதுவும் இல்லை. வெல்பவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் ஜனாதிபதித் தேர்தல், தோற்பவருக்கு வெறுங்கை. கண்காணிக்க வந்த ஐ.நா. குழுவின் தலைவி மார்கரெட் ஆன்ஸ்டீயிடம் 350 படைத்துறைப் பார்வையாளர்களும் நூற்றிச்சொச்சம் காவல்துறைப் பார்வையாளர்களும் இருந்தார்கள். தேர்தலுக்கென்று இன்னும் 400 பேர். தமிழ்நாட்டைப் போல் ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட பரப்புள்ள நாடு அது. ஜம்போ விமானத்தைச் சிறு விமானத்தின் எரிபொருளில் ஓட்டச் சொல்கிறார்கள் என்று அவர் அப்போதே முறையிட்டார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்புவரை இரண்டு படைகள் இரண்டாகவே இருந்தன. பிறகு காகிதத்தில் மட்டும் ஒன்றாயின. 1992 செப்டம்பர் இறுதியில் ஜனாதிபதி தோஸ் சாந்தோஸுக்கு 49.57 சதவீதம், சவிம்பிக்கு 40.07. பாதியைத் தாண்டாததால் இரண்டாம் சுற்று நடக்க வேண்டும். அது நடக்கவே இல்லை. சவிம்பி முடிவை ஏற்க மறுத்துத் தலைநகரை விட்டுப் போனார். அக்டோபர் கடைசியில் லுவாண்டாவில் உனிடாக்காரர்கள் வேட்டையாடப்பட்டார்கள். பேச்சுவார்த்தைக்கென்று அங்கேயே தங்கியிருந்த உனிடாவின் துணைத்தலைவர் சிதுண்டாவும் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு நாற்பது சதவீத வாக்கு வாங்கிய மனிதரிடம் பேச என்ன மிச்சமிருந்தது?

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. சவிம்பியிடம் வைரம் இருந்தது, அரசிடம் எண்ணெய் இருந்தது. போரைத் தொடரப் பணம் இருந்ததால் தொடர்ந்தார்கள். மொசாம்பிக்கில் ரெனாமோவுக்குத் தென்னாப்பிரிக்காவின் கை விலகியதும் கஞ்சிக்கே வழியில்லை, அதனால் வந்தார்கள். இதில் நடுவரின் திறமை எங்கே வந்தது? இந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை, அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். 1994-இல் லுசாகாவில் நடந்த அடுத்த சுற்றில் உனிடாவுக்கு அமைச்சர் பதவிகளும் சவிம்பிக்குத் தனி அந்தஸ்தும் கொடுக்கப்பட்டன. அவர் லுவாண்டாவுக்கு வரவே இல்லை, வைரச் சுரங்கங்களை விடவும் இல்லை, 1998 கடைசியில் முழுப்போர் திரும்பியது. சியரா லியோனில் இன்னும் மோசம். 1999 ஜூலையில் லோமே ஒப்பந்தம், கைகால்களை வெட்டிக் குவித்த படையின் தலைவர் ஃபொடே சங்கோவைத் துணை ஜனாதிபதி தகுதியோடு கனிமவளங்களுக்கான ஆணையத்தின் தலைவராகவே உட்காரவைத்தது. பத்து மாதங்களில் அவருடைய ஆட்கள் ஐந்நூறு ஐ.நா. வீரர்களைச் சிறைபிடித்தார்கள். ஆக, தோற்றவருக்கோ வெல்ல முடியாதவருக்கோ ஓர் இடம் கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்ல முடியாது. எப்படிப்பட்ட இடம் என்பதில்தான் எல்லாம். ரெனாமோவின் பணம் தவணையில் வந்தது.  போர் தொடங்கினால் மறுநாளே நின்றுவிடும். சங்கோவிடம் கொடுக்கப்பட்டதோ, போர் நடத்தத் தேவையான அதே சுரங்கம். தோற்றவருக்குத் தரும் இடம் சமாதானம் நீடித்தால் மட்டுமே நீடிக்கிறதாக இருக்க வேண்டும். இதை அமைப்பது நடுவரின் கைத்திறன். வைரம் கிடக்கும் நாட்டில் அதன் விலை அதிகம், சில நேரம் நடுவரின் கைக்கு எட்டாத விலை.

இரண்டாவது ஆட்சேபம் நம் தெற்காசியாவில் அடிக்கடி கேட்பது. அங்கோலாவில் கடைசியில் சமாதானத்தைக் கொண்டுவந்தது எந்த நடுவரும் இல்லை. 2002 பிப்ரவரி 22 அன்று சவிம்பியைத் துளைத்த குண்டுகள்தான். வெற்றிதான் நிலையான சமாதானம் தரும், பேச்சு போரை நீட்டிக்கும் என்பது அந்த வாதம். ஆனால் அந்தக் குண்டுகளுக்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. ஆறு வாரங்களுக்குள், ஏப்ரல் 4 அன்று, லுவேனா உடன்பாடு கையெழுத்தானது: பொதுமன்னிப்பு, உனிடாவுக்குக் கட்சியாக இயங்கும் உரிமை, அதன் வீரர்களில் சுமார் ஐயாயிரம் பேருக்கு தேசியப் படையில் இடம். முழுவெற்றி பெற்ற அரசு, பத்தாண்டு தாமதமாகவும் லட்சக்கணக்கான உயிர்கள் போன பிறகும், ரோமில் கேட்கப்பட்ட அதே கேள்வியைத் தானே கேட்டுப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2022 தேர்தலில் உனிடா ஏறக்குறைய 44 சதவீத வாக்கு வாங்கியது. சவிம்பியின் உடல் எச்சங்களைக்கூட அரசு 2019-இல் குடும்பத்தாரிடம் கொடுத்து அவர் சொந்த ஊரில் புதைக்கவிட்டது. இலங்கையையும் இதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். நார்வேயின் அனுசரணை தோற்றதற்கு ஆயிரம் காரணங்கள் சொல்லப்படுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது, 2002 பிப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பின் நடந்த ஆறு சுற்றுப் பேச்சிலும், புலிகள் ஆயுதமில்லாமல் என்னவாக இருப்பார்கள், தென்னிலங்கையில் விட்டுக்கொடுத்த தலைவர் தேர்தலில் எப்படிப் பிழைப்பார் என்ற இரண்டுக்கும் உருப்படியான விடை எழுதப்படவில்லை என்பதுதான். புலிகள் இடைக்காலத் தன்னாட்சி முன்மொழிவை 2003 அக்டோபர் கடைசியில் வைத்தார்கள். நான்கு நாளில் கொழும்பில் ஜனாதிபதி மூன்று அமைச்சுகளைப் பறித்துக்கொண்டார். 2009-இல் வெற்றி வந்த பிறகோ, வென்ற அரசு அங்கோலா கேட்ட கேள்வியைக் கேட்கவே இல்லை. மாவீரர் துயிலும் இல்லங்கள் புல்டோசரால் இடிக்கப்பட்டன. தாய் பிள்ளையின் கல்லறையில் விளக்கேற்றும் இடத்தைக்கூட விட்டுவைக்காத வெற்றியைச் சமாதானம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மூன்றாவது ஆட்சேபம் மனசாட்சியின் ஆட்சேபம். 1987 ஜூலையில் மொசாம்பிக்கின் ஹொமொயினே என்ற ஊரில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் அதில் அடக்கம். ரெனாமோ அந்தக் குற்றச்சாட்டைத் தோளில் சுமந்தபடியேதான் ரோமுக்கு வந்தது. குழந்தைகளைக் கடத்திக் கையில் துப்பாக்கி கொடுத்த படை அது. அவர்களுக்கு வீடும் வண்டியும் வாங்கிக் கொடுப்பதா? ஒப்பந்தம் கையெழுத்தான சில நாள்களிலேயே மபூட்டோ நாடாளுமன்றம் எல்லாருக்கும் பொதுமன்னிப்பு வழங்கியது. அரசுப் படையின் குற்றங்களும் அதே துணியால் மூடப்பட்டன. எந்த விசாரணை ஆணையமும் அமையவில்லை. இதற்கு நேரான விடை இல்லை என்றே நினைக்கிறேன். கிராமங்கள் தங்கள் வழியில் ஒரு விடை தேடின: திரும்பி வந்த இளைஞர்களை மூலிகைப் புகையும் நீராட்டும் கொண்ட சடங்குகளால் தூய்மைப்படுத்தி ஏற்றுக்கொண்டதை மொசாம்பிக் மானுடவியலாளர் அல்சிந்தா ஹொன்வானா விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். ஏற்றுக்கொண்டவர்களில் பலர் உறவினரைப் பறிகொடுத்தவர்கள். சமாதானத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் அவர்களைத்தான் காட்ட வேண்டும். ரோமின் நால்வரோ நன்கொடை நாடுகளோ கொடுத்தது அதில் சிறுபங்கு. இன்று எந்த நடுவரும் இவ்வளவு எளிதாக மன்னிப்பை வாக்களிக்க முடியாது. லோமேயில் ஐ.நா. பிரதிநிதி தம் கையெழுத்தோடு, இனப்படுகொலைக்கும் போர்க்குற்றங்களுக்கும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் இந்த மன்னிப்பு பொருந்தாது என்ற குறிப்பைக் கையால் எழுதிச் சேர்த்தார். அந்தக் குறிப்பு சரியானதே. தலைவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துவதும், அவர்கள் பின்னால் வந்த எழுபதாயிரம் பேருக்கு ஊரில் இடம் தேடுவதும் இரண்டு தனித்தனி வேலைகள். முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதைக் கைவிடுவதும், இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறப்பதும் தவறு. ரோம் முதலாவதை மறந்தது.

மொசாம்பிக்கை முழுவெற்றியாகக் காட்டுகிறவர்கள் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 1994-இல் கொடுத்த இடம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 1999 தேர்தலில் டிலாகாமா 47.7 சதவீதம் வாங்கியும் ஒரு மாகாணத்தின் ஆளுநர் பதவிகூட அவர் கட்சிக்கு வரவில்லை. எல்லா ஆளுநர்களையும் ஜனாதிபதியே நியமித்தார். அரசு வேலை, குத்தகை, கடன் எல்லாம் ஆளும் கட்சி அட்டையோடு ஒட்டிக்கொண்டன. நன்கொடை நாடுகள் தங்கள் வெற்றிக் கதையைப் பாராட்டிக்கொண்டு கணக்கை முடித்துப் போய்விட்டன. 2013 அக்டோபரில் அரசுப் படை சதுஞ்சிராவிலிருந்த டிலாகாமாவின் முகாமைத் தாக்கியது. மீண்டும் நெடுஞ்சாலைகளில் துப்பாக்கிச் சூடு. அப்போது ஜனாதிபதியாக இருந்த அர்மாந்தோ கெபூசாதான் 1990-இல் ரோமில் அரசுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். பேச்சின் ஒவ்வொரு நெறிமுறையையும் வரிவரியாக அறிந்த மனிதர் அதன் உட்பொருளைக் காலியாக்கினார் என்பது, மத்தியஸ்தம் முடிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கான பதில். கையெழுத்தின் காலம் முடிந்த பிறகும் தோற்றவரின் இடத்தை யாராவது காவல்காக்க வேண்டும். 2017-இல் அடுத்த ஜனாதிபதி நியூசி தாமே கொரொங்கோசா காட்டுக்குப் போய் டிலாகாமாவைச் சந்தித்தார். 2018-இல் டிலாகாமா இறந்தும், சுவிட்சர்லாந்துத் தூதர் மன்சோனி இடைநின்று, 2019 ஆகஸ்டில் புதிய ஒப்பந்தம் வந்தது. ஆளுநர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை, ஐயாயிரத்துச் சொச்சம் பழைய போராளிகளுக்கு ஓய்வூதியம். ரெனாமோவின் கடைசி முகாம் 2023 ஜூனில்தான் மூடப்பட்டது. முதல் கையெழுத்துக்கும் கடைசி முகாமுக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல்.

இதிலிருந்தே கடினமான ஆட்சேபம் பிறக்கிறது. துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு நிதியும் ஓய்வூதியமும். துப்பாக்கியே எடுக்காமல் தோற்றவனுக்கு என்ன? இந்த வகை மத்தியஸ்தம் ஆயுதம் எடுத்தால்தான் மேசையில் உட்காரவைப்பார்கள் என்று கற்றுக்கொடுக்கவில்லையா? 2024 அக்டோபர் தேர்தலில் இந்தக் கேள்வி தெருவுக்கு வந்தது. ரெனாமோவிலிருந்து விலகிய வெனான்சியோ மொண்ட்லானே, ஆளும் கட்சியின் டேனியல் சாப்போவிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். வாக்குகள் திருடப்பட்டன என்று இளைஞர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். போருக்குப் பிறகு பிறந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்ததாக உள்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு கணக்கிட்டது. இவர்களிடம் முகாம் இல்லை, ஒப்படைக்க ஆயுதம் இல்லை. ரோம் ஒப்பந்தத்தின் எந்த நெறிமுறையும் இவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. ரோமின் நால்வரைப் பற்றி எனக்குள்ள மதிப்பு குறையாமலே இதைச் சொல்ல முடிகிறது: படைகளுக்கிடையே சமாதானம் செய்யும் கலையை அவர்கள் கற்றுத் தந்தார்கள், குடிமக்களுக்கும் அரசுக்கும் இடையே அதையே செய்வதற்கு வேறு ஏற்பாடு வேண்டும், அதை மபூட்டோ இன்னும் உருவாக்கவில்லை. 2025 மார்ச் 5 அன்று சாப்போ நாட்டின் சீர்திருத்தம் பற்றி மற்றக் கட்சிகளோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். மொண்ட்லானே அழைக்கப்படவில்லை, அதே நாளில் அவருடைய ஊர்வலத்தின்மீது காவல்துறை சுட்டது. பதினெட்டு நாள் கழித்து, மார்ச் 23 அன்று, இருவரும் மபூட்டோவில் சந்தித்துப் பேசினார்கள். கையெழுத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய சந்திப்பு அது.